செவலைக்கு அட்மிஷன் போட்ட நாள்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக நாலு பக்கம் எழுதித் தரச் சொல்லி உங்கள் மேலதிகாரி வீடு தேடி வந்தார். காபியைக் கையில் கொடுத்துவிட்டு, "என்னத்தங்க எழுதுறது?" என்று கேட்டேன். "உங்க அனுபவத்த எழுதுங்க சிஸ்டர், பிள்ளைகளுக்கு உபயோகமா இருக்கும்" என்றார். நான் மனநலப் பிரிவில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். எனக்கு அனுபவத்துக்குப் பஞ்சமில்லை. வாய்க்கும் பஞ்சமில்லை என்று என்னோடு வேலை பார்த்தவர்கள் சொல்வார்கள்.

ஊசி போடுவது, மாத்திரை எடுத்துக் கொடுப்பது, ரிப்போர்ட் அனுப்புவது எல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதையெல்லாம் எழுதி உங்கள் நேரத்தை வீணாக்க மாட்டேன். உங்கள் ஆஸ்பத்திரிகளுக்கு மறுபடியும் மூஞ்சி மிஷின் வரப்போகிறது என்று கேள்விப்பட்டேன். முதல்முறை அது வந்தபோது கூட இருந்தவள் நான். அந்தக் கதையைச் சொல்கிறேன்.

மூஞ்சி மிஷின் என்பது நாங்கள் வைத்த பேர். கம்பெனிக்காரர்கள் நீளமாக ஏதோ பேர் வைத்திருந்தார்கள், அது யார் வாயிலும் நுழையவில்லை. கேமரா வைத்த ஒரு திரையை ஸ்டாண்டில் நிறுத்தியிருப்பார்கள். அதன் முன்னால் போய் உட்கார வேண்டும். திரையில் குழந்தை தவழும், மழை பெய்யும், யாரோ ஒருவர் மாலை போட்டுக்கொண்டு கல்யாணம் செய்துகொள்வார். நாம் அதைப் பார்க்கும்போது அது நம் புருவத்தையும் கண்ணையும் வாயோரத்தையும் பார்க்கும். கடைசியில் ஒரு வட்டம் வரும். பச்சை வந்தால் பயமில்லை. மஞ்சள் என்றால் இன்னொரு தரம் பார்க்க வேண்டும். சிவப்பு என்றால் மனச்சோர்வு இருக்கலாம், டாக்டரிடம் அனுப்ப வேண்டும்.

யோசனை நல்ல யோசனைதான், அதைக் குறை சொல்ல மாட்டேன். எங்கள் பக்கத்தில் எவரும் வந்து "மனசு சரியில்லை" என்று சொல்ல மாட்டார்கள். நெஞ்சு அடைக்கிறது என்பார்கள், கை கால் ஓய்ந்து வருகிறது என்பார்கள், யாரோ எதையோ வைத்துவிட்டார்கள் என்பார்கள். வாய் சொல்லாததை முகம் சொன்னால் நல்லதுதானே.

மிஷினோடு பிரவீன் என்ற என்ஜினியர் வந்து சேர்ந்தான். சென்னைப் பையன், கெட்டிக்காரன், எல்லோரையும் நம்புகிற குணம். புதுக்கோட்டைக்கு மேற்கே, ஆவூர்ப் பக்கம் உள்ள ஒரு கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் அதை நிறுத்தினான். ஊர்ப் பேர் வேண்டாம். அங்கே எங்கள் மனநல டாக்டர் செவ்வாய்க்கிழமை தோறும் வருவார், நானும் கூடப் போவேன்.

முதல் நாள் உட்கார்ந்தவர்கள் எல்லோருக்கும் சிவப்பு வந்தது.

பிரவீன் ஆடிப்போனான். ஒரு ஊரே மனச்சோர்வில் கிடக்கிறதா என்று கண் கலங்கிக் கேட்டான். ஊருக்கு ஒன்றுமில்லை. எங்கள் சனங்களுக்குக் கேமரா என்றால் அரசாங்கம். ரேஷன் கார்டு, ஓட்டு கார்டு, ஆதார் என்று எப்போது கேமரா முன்னால் உட்கார்ந்தாலும் "ஆடாதீங்க, சிரிக்காதீங்க, நேரா பாருங்க" என்று அதட்டியே பழக்கியிருக்கிறார்கள். அதனால் லென்ஸைக் கண்டதும் முதுகை நிமிர்த்தி, மூச்சைப் பிடித்து, கண் சிமிட்டாமல் உட்கார்ந்துவிடுவார்கள். திரையில் குழந்தை தவழ்ந்தால் என்ன, தலைகீழாக நின்றால் என்ன, ஆதார் முகம் அசையாது.

"நேச்சுரலா இருங்கம்மா" என்று பிரவீன் கெஞ்சினான்.

"அப்படின்னா சிரிக்கணுமா, சிரிக்கக் கூடாதா? ஏதாச்சும் ஒன்னச் சொல்லுங்க தம்பி" என்று ஒரு அம்மா கேட்டார்.

ஆம்புலன்ஸ் டிரைவர் பகல் முழுக்கச் சிரிக்க வைக்கிற ஆள். அவருக்கும் சிவப்பு. கடைசியில் டாக்டரே உட்கார்ந்தார், அவருக்கும் சிவப்பு. "லைட்டிங் சரியில்லை" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். அன்று பூராவும் அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. பச்சை வாங்கிய முதல் ஆள், அறந்தாங்கியிலிருந்து மகள் வீட்டுக்கு வந்திருந்த ஒரு அம்மா. துபாயில் இருக்கும் மகனோடு தினமும் வீடியோ காலில் பேசிப் பழகியவர். கேமராவைப் பார்த்ததும் பல் தெரியச் சிரித்து, "சாப்பிட்டியாய்யா, வெயிலா இருக்கா அங்கிட்டு?" என்று மிஷினிடமே கேட்டுவிட்டார்.

அப்புறம் ஊருக்குள் வேறு கூத்து ஆரம்பித்தது. ஒரு மருமகளுக்குச் சிவப்பு வந்த செய்தி தெருவெல்லாம் பரவி, மாமியார் கொடுமைக்காரி என்று பேச்சாகிவிட்டது. அடுத்த வாரம் மாமியார் வந்து வரிசையில் நின்றார். "அவளுக்குச் செவப்புன்னா எனக்கு என்ன பச்சையா? எனக்கும் பாருங்க" என்றார். அவருக்கு மஞ்சள்தான் வந்தது. அவமானம் தாங்காமல் மூன்று வாரம் வரிசையாக வந்து, கடைசியில் சிவப்பு வாங்கிக்கொண்டுதான் போனார். வீட்டில் இருவருக்கும் இப்போது சமாதானம் என்று கேள்வி. இதை மிஷினின் பலன்களில் ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளச் சொல்லி பிரவீனிடம் சொன்னேன்.

பையன் ராப்பகலாக உட்கார்ந்து மிஷினைத் திருத்தினான். இனி ஆதார் முகத்துக்கு அது ஏமாறாது என்றான். உண்மைதான், சிவப்பு குறைந்தது. ஆனால் இன்னொன்று நடக்க ஆரம்பித்தது. முறுக்கு மீசைக்காரர்கள் எல்லோருக்கும் பச்சை வந்தது. உதட்டின் இரண்டு ஓரமும் மேலே போனால் சிரிப்பு என்று அதற்குப் படித்துக் கொடுத்திருந்தார்கள். மீசையின் நுனிகளும் மேலேதான் போகின்றன. மிஷின் உதட்டை விட்டுவிட்டு மீசையைப் பார்த்திருக்க வேண்டும், இது என் ஊகம். பிரவீன் அப்படி இருக்காது என்று சத்தியம் செய்தான்.

இந்த நேரத்தில்தான் செவலை வந்தது.

டாக்டர் வருகிற செவ்வாய்க்கிழமை. வாசலில் சலசலப்பு கேட்டு எட்டிப் பார்த்தேன். சீட்டு வாங்கும் வரிசையில் ஒரு ஜல்லிக்கட்டுக் காளை நின்றுகொண்டிருந்தது. நல்ல செவலை நிறம், முழ நீளக் கொம்பு, திமில் பார்க்கவே பயமாக இருந்தது. அதற்கு முன்னால் நின்றவர்கள் எல்லோரும் பெருந்தன்மையாக விலகி, அதை முதல் ஆளாக ஆக்கியிருந்தார்கள். சீட்டு எழுதுகிற செல்வி வழக்கம் போலத் தலையைத் தூக்காமலே கேட்டாள்.

"பேரு?"

"செவலை."

"வயசு?"

"ஆறு."

"என்ன செய்யுது?"

"மனசு சரியில்லைங்க."

செல்வி அதையும் எழுதிவிட்டாள். பேனாவை மோப்பம் பிடிக்கும் மூக்கைப் பார்த்த பிறகுதான் நாற்காலியை விட்டு எழுந்தாள்.

கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றவர் பெயர் அடைக்கலம். ஐம்பதை ஒட்டிய வயது, கொஞ்சம் நிலம், வாடிவாசல்களில் பேர் வாங்கிய மாடு. அவர் மீசையைச் சொல்ல வேண்டும். இரண்டு பக்கமும் முறுக்கி கன்னத்தின் பாதிவரை ஏற்றி விட்டிருந்தார்.

"நாலஞ்சு வாரமா மாடு மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டே நிக்குதுங்க" என்றார். "இங்க மூஞ்சியப் பாத்தே சொல்லிப்புடுறாங்களாமே, அதான் ஓட்டியாந்தேன்."

எல்லோரும் சிரித்தோம், நானும்தான். கால்நடை மருந்தகத்துக்கு வழி சொன்னோம். போவதற்கு முன் பிரவீன் ஆசைப்பட்டு, "அண்ணே, நீங்க ஒரு தடவ உக்காருங்க" என்று அவரைத் திரை முன் உட்கார வைத்தான். அப்படி ஒரு பச்சையை நான் பார்த்ததே இல்லை. "சிஸ்டர், இந்த மாவட்டத்துலயே ரொம்ப சந்தோஷமான மனுஷன் இவர்தான்" என்றான். அடைக்கலம் அந்தப் பச்சை வட்டத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அப்படியாங்க" என்றார். மாட்டை ஓட்டிக்கொண்டு போனார்.

அடுத்த வாரம் மறுபடி வந்தார், இந்த முறை தனியாக. "மாட்டு டாக்டரு ஒடம்புக்கு ஒன்னுமில்லைன்னுட்டாருங்க. ஒடம்புக்கு ஒன்னுமில்லைன்னா அப்ப மனசுக்குத்தானே?" இந்தக் கேள்விக்கு எங்கள் டாக்டராலேயே மறுப்புச் சொல்ல முடியவில்லை. செல்போனில் செவலையின் முகத்தை வீடியோ எடுத்து வந்திருந்தார். பிரவீன் போனை வாங்கி மிஷினுக்குக் காட்டினான். 'முகம் கண்டறியப்படவில்லை' என்று வந்தது.

"மூஞ்சியே இல்லைங்குதா?" என்று கேட்டார். அவருக்கு மனது நொந்துவிட்டது.

பாவமாக இருந்ததால் நான் கூப்பிட்டு உட்காரச் சொன்னேன். நோயாளி உட்காரும் ஸ்டூலில் உட்கார மாட்டேன் என்று நின்றுகொண்டே பேசினார். மாடு தீனி தின்னுதா என்று கேட்டேன். வாயை வைத்துவிட்டு எடுத்துவிடுகிறது என்றார். தூக்கம்? கோழி கூவுமுன்னே முழித்துக்கொண்டு கிடக்கிறது என்றார். ஆள் வந்தால் முட்ட வருகிறதா என்றதற்கு, "முட்ட வந்தாத்தான் பரவால்லையே. எவன் வந்தாலும் ஒன்னுதாங்குற மாதிரி நிக்குது" என்றார். மாட்டுக்கிறுக்கு பிடித்தவர்கள் எங்கள் மாவட்டத்தில் தெருவுக்கு நாலு பேர் உண்டு. அவர்களில் ஒருவர் என்று நினைத்து ஆறுதல் சொல்லி அனுப்பினேன்.

சில நாள் கழித்து வேறொரு நோயாளியைப் பார்க்க அடைக்கலத்தின் ஊருக்குப் போக வேண்டியிருந்தது. போகிற வழியில் ஒரு வீட்டின் பின்னால் செவலை மண்மேட்டைக் குத்திக்கொண்டிருந்தது. குத்திய வேகத்தில் மண் தெரு வரைக்கும் பறந்தது. உடம்பு எண்ணெய் தேய்த்த மாதிரி மினுமினுத்தது. எனக்குத் தெரிந்த உயிர்களில் அவ்வளவு சந்தோஷமாக இருந்த ஒன்றை அந்த வருஷம் நான் பார்க்கவில்லை.

அடைக்கலத்தின் மனைவி புஷ்பம் வெளியே வந்தார். மாடு இப்போது தின்னுகிறதா என்று கேட்டேன்.

"மாட்டுக்கு என்ன கேடு சிஸ்டர்? கூடை கூடையாப் பருத்திக்கொட்டை திங்குது. இவருதான் சோத்துல கைய வச்சுட்டு எந்திரிச்சுர்றாரு."

"தூங்குறாரா?"

"எங்க தூங்குறாரு? நான் முழிக்கையில மாட்டுக் கொட்டாய்ல போயி உக்காந்துருப்பாரு. யாருகிட்டயும் பேச்சில்ல. ஆசுபத்திரிக்குப் போவோம்னு நானும் நச்சரிச்சேன். போயிட்டு வந்து, 'மிஷின்லயே பச்சை வந்துருச்சு, ஒனக்கு என்ன இப்ப'ங்கிறாரு. மிஷினே சொன்னதுக்கப்பறம் நான் என்னத்தச் சொல்ல?"

அடைக்கலம் சொன்ன மாட்டுக் கதை ஒன்று விடாமல் அவர் சொந்தக் கதை. தனக்கு என்று சொல்ல வாய் வராமல், மாட்டைச் சாக்காக வைத்து இரண்டு தரம் எங்கள் வாசலுக்கு வந்திருக்கிறார். நாங்கள் ஒரு தரம் சிரித்து, இன்னொரு தரம் ஆறுதல் சொல்லி, பச்சை வேறு கொடுத்து அனுப்பியிருக்கிறோம். இருந்த ஒரே வழியையும் அந்தப் பச்சை அடைத்துவிட்டது.

அடைக்கலம் வயலுக்குப் போயிருந்தார். தேடிப்போய்க் கூப்பிட்டால் வர மாட்டார், "எனக்கென்ன" என்பார். அதனால் புஷ்பத்திடம், "செவ்வாக்கெழம கட்டாயம் செவலைய ஓட்டிட்டு வரச் சொல்லுங்க. டாக்டரு பாக்கணும்னாருன்னு சொல்லுங்க" என்றேன்.

புஷ்பம் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஒங்களுக்கும் ஏதும் ஆயிருச்சா சிஸ்டர்?"

விளக்கமாகச் சொன்னேன். அதற்குப் பிறகு அவர் கிண்டல் பேசவில்லை. அதுவரைக்கும் அடைக்கலத்தைத் தனியே விடாதீர்கள் என்றும் சொன்னேன்.

செவ்வாய்க்கிழமை போய்ப் பார்த்தால், ஆஸ்பத்திரி வாசலில் ஷாமியானா. சென்னையிலிருந்து பெரிய அதிகாரி ஒருவர் மிஷினைப் பார்க்க வருகிறாராம். முதல் நாள் சாயங்காலம்தான் தகவல் வந்ததாம். கம்பெனிக்காரர்கள் பெரிய திரை கட்டி, மைக் வைத்து, சால்வையெல்லாம் வாங்கி அடுக்கியிருந்தார்கள். எதுவும் தப்பாகிவிடக் கூடாது என்று பிரவீன் ஏற்கெனவே பச்சை வாங்கியவர்களாகப் பொறுக்கிக் கூட்டி வந்து முன்வரிசையில் உட்கார வைத்திருந்தான். முன்வரிசை முழுக்க மீசை. அதிகாரி வந்து இறங்கியதும், இந்த ஊர் ஆண்கள் இப்படித்தான் இருப்பார்களா என்று விசாரித்தார்.

அவர் மைக்கைப் பிடித்துப் பேசிக்கொண்டிருக்கும்போது, கொம்பில் துண்டு கட்டிய செவலையோடு அடைக்கலம் நேராக ஷாமியானாவுக்குள் வந்துவிட்டார். சிலர் நாற்காலியோடு பின்னால் சாய்ந்தார்கள். அதிகாரி பயந்தாலும் காட்டிக்கொள்ளவில்லை. ஜல்லிக்கட்டு மாட்டைப் பக்கத்தில் பார்ப்பது முதல் முறையாம். போட்டோ எடுக்கச் சொன்னார். அந்த உற்சாகத்தில், "இவரையே உக்கார வச்சுக் காட்டுங்களேன்" என்றார். அடைக்கலத்தைப் பெரிய திரை முன் உட்கார வைத்தார்கள். பச்சை. எல்லோரும் கைதட்டினார்கள். செவலை முதல் வரிசைக்கு முன்னால் சாணி போட்டது.

அடைக்கலம் எழுந்து என்னிடம் வந்தார். மைக் பக்கத்தில்தான் இருந்தது, அவர் சொன்னது எல்லோருக்கும் கேட்டது.

"சிஸ்டர், ரெண்டு நாளா மாடு கெணத்துப் பக்கமே போயி நிக்குதுங்க. உள்ள எட்டி எட்டிப் பாக்குது."

கூட்டம் சிரித்தது. அதிகாரியும் சிரித்தார். மாட்டுக்கு நீச்சல் ஆசை வந்துவிட்டது என்று யாரோ சொன்னார்கள், அதற்கும் சிரிப்பு. நான் அடைக்கலத்தின் முகத்தைப் பார்த்தேன். மீசை மட்டும் சிரித்துக்கொண்டிருந்தது, கண்ணில் ஒன்றுமே இல்லை.

பிள்ளைகளே, இந்த இடத்தில் உங்களை நிறுத்தி வைத்து யோசிக்கச் சொல்ல ஆசை. அவரை வீட்டுக்கு அனுப்பினால் வீட்டில் கிணறு இருக்கிறது. இவருக்குத்தான் உடம்பு சரியில்லை என்று நான் மைக் முன்னால் சொன்னால், இத்தனை பேர் பார்க்க மீசையைத் தடவிக்கொண்டு வெளியே நடந்துவிடுவார், மறுபடி எங்கள் வாசலை மிதிக்க மாட்டார். அவர் தலைக்கு மேலே பெரிய திரையில் பச்சை எரிந்துகொண்டிருக்கிறது. அதைப் பொய் என்று சொன்னால் கம்பெனிக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். அந்தச் சண்டை முடிவதற்குள் ஆள் போய்விடுவார். எனக்கு யோசிக்கக் கிடைத்தது அந்தச் சிரிப்பு அடங்குகிற நேரம் மட்டும்தான்.

"டாக்டர், மாட்ட அட்மிட் போடணும்" என்றேன்.

சிரிப்பு பட்டென்று நின்றது. அதிகாரி என்னைப் பார்த்தார். பிரவீன் கண்ணை மூடிக்கொண்டான். எங்கள் டாக்டர் அதிகம் பேசாதவர், அதிகாரிகள் முன்னால் இன்னும் பேசாதவர். அவர் என் முகத்தையும் அடைக்கலம் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஒன்றே ஒன்று கேட்டார்.

"எந்த வார்டு?"

"புங்க மரத்தடி சார்."

"சரி. கூட ஆள் யாரு?"

"இவருதான்."

"கூட ஆள் எங்கிட்டும் போகக் கூடாது. நான் வர்ற வரைக்கும் கயிற விடக் கூடாது" என்று டாக்டர் அடைக்கலத்திடம் கண்டிப்பாகச் சொன்னார். அடைக்கலம் தலையாட்டினார்.

இதற்கெல்லாம் விதி இருக்கிறதா என்று அதிகாரி மெதுவாகக் கேட்டார். "எல்லாமே சோதனை முயற்சிதானே சார்" என்றார் டாக்டர். அந்த ஒரு பதிலுக்காக அவருக்கு நான் ஆயுசுக்கும் கடமைப்பட்டவள்.

உங்களுக்குத் தெரியும், நம் பக்கத்தில் ஆஸ்பத்திரியில் படுத்தவரைத் தனியே விடும் வழக்கமில்லை. நோயாளி ஒருவர் என்றால் பாயும் தூக்குவாளியுமாகக் கூட ஆள் ஒருவர் இருப்பார். கூட இருப்பவர் கட்டிலோரம் தூங்கலாம், சாப்பிடலாம், சுவரைப் பார்த்து அழலாம். அவரை யாரும் நோயாளி என்று சொல்ல மாட்டார்கள். அந்த இடத்தைத்தான் நான் அடைக்கலத்துக்குக் கொடுத்தேன்.

செல்வி ஒரு முகச்சுளிப்பும் இல்லாமல் செவலை பெயருக்கு அட்மிஷன் சீட்டு எழுதினாள். உள்நோயாளிகளுக்குக் கொடுக்கும் ரொட்டியும் பாலும் மரத்தடிக்கு வந்தன. ரொட்டியைச் செவலை ஒரே வாயில் தின்றது. பாலை அடைக்கலம் கையில் கொடுத்தேன், வாங்கி வைத்துக்கொண்டார். ஷாமியானாவில் மறுபடி மைக் பேச ஆரம்பித்தது. நான் மரத்தைச் சுற்றிய சிமென்ட் மேடையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"செவலை எப்பத்துல இருந்து இப்படி இருக்கு?"

"அறுப்பு முடிஞ்சதுல இருந்துங்க."

"ஏதாச்சும் நடந்துச்சா?"

"ஒன்னும் நடக்கலைங்க. அதான் வெக்கமா இருக்கு. வாடியில புடிபட்டுருந்தாலாச்சும் அதுனாலன்னு சொல்லலாம். ஒன்னுமே நடக்கல. காலையில கண்ணு முழிச்சா, எதுக்கு முழிச்சோம்னு இருக்கு அதுக்கு."

"கெணத்துல என்னத்தப் பாக்குது?"

மாடு அசைபோடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். "பாக்கலைங்க" என்றார் பிறகு. "யோசிக்குது."

"விழுந்துரலாம்னா?"

"ம்."

இதற்கு மேல் மாட்டை நடுவில் வைத்துப் பேசக் கூடாது என்று எனக்குத் தோன்றியது. நேராகக் கேட்டுவிட வேண்டிய இடம் ஒன்று வரும், அப்போது கேட்டுவிட வேண்டும். கேட்டால் எண்ணம் வந்துவிடும் என்று பயப்படாதீர்கள். எண்ணம் முன்பே வந்திருக்கும், நாம் கேட்க மாட்டோமா என்று காத்துக்கொண்டிருக்கும்.

"அண்ணே, அது கெணத்துப் பக்கம் போகையில நீங்களும் கூடப் போறீங்களா?"

"அதுவாப் போகலைங்க" என்றார் அடைக்கலம். "நான்தான் கூட்டிட்டுப் போறேன்."

சொல்லி முடித்ததும் அழுதார். ஆம்பிளை அழுகிற சத்தம் ஷாமியானாவுக்குக் கேட்காதபடி நல்ல வேளையாக மைக் கத்திக்கொண்டிருந்தது. மீசை மேலே பார்த்து நிற்க, அதன் கீழே வாய் கோணிக்கொண்டு அழுதது. அப்போது மிஷின் பார்த்திருந்தாலும் பச்சைதான் காட்டியிருக்கும். எனக்கும் கண் நிறைந்துவிட்டது. அவர் தோளில் கை வைத்தேன்.

டாக்டர் விழாவிலிருந்து நழுவி வந்தார். அவரும் மேடையில் உட்கார்ந்து, இது ஒரு நோய், காரணம் இல்லாமலும் வரும், மருந்து இருக்கிறது, வெட்கப்பட ஒன்றுமில்லை என்று மெல்லச் சொன்னார். புதுக்கோட்டை பெரிய ஆஸ்பத்திரியில் சில நாள் இருக்க வேண்டும் என்றார். அடைக்கலம் கயிற்றை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "மாட்ட விட்டுட்டு எப்படிங்க வர?"

புஷ்பம் அவருக்குப் பின்னாலேயே வந்து, தகராறு ஆகிவிடக் கூடாது என்று வாசலுக்கு வெளியே நின்றிருந்தார். கூப்பிட்டதும் வந்தார். ஆம்புலன்ஸ் பின்கதவு திறந்திருந்தது. அடைக்கலம் மாட்டையும் பார்த்தார், மனைவியையும் பார்த்தார். பிறகு கயிற்றைப் புஷ்பத்தின் கையில் கொடுத்தார்.

"மாட்டுக்கு ஒன்னுமில்ல புஷ்பம். ஓட்டிட்டுப் போ. எனக்குத்தான்."

"தெரியும்" என்றார் புஷ்பம். "ஏறுங்க. மாட்டக் கட்டிட்டு அடுத்த பஸ்ஸுல வாரேன்."

எப்போதும் சிரிக்க வைக்கிற டிரைவர் அன்று சைரன் போடாமல் மெதுவாக ஓட்டிப் போனார். செவலைக்கு டிஸ்சார்ஜ் சீட்டு போட வேண்டுமா என்று செல்வி என்னிடம் வந்து கேட்டாள். போட்டுவிடு, குணமாகிப் போனது என்று எழுது என்றேன்.

மூஞ்சி மிஷினே வேண்டாம் என்கிறேனா என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் ஒரு கண்தான். ஆனால் அது பச்சை காட்டிவிட்டது என்று நீங்கள் நாற்காலியை விட்டு எழுந்துவிடாதீர்கள். சிவப்பு வந்தவரைப் பார்க்க டாக்டர் இருக்கிறார். பச்சை வந்தவரைப் பார்க்க உங்களை விட்டால் யாரும் இல்லை. யாராவது மாட்டையோ ஆட்டையோ ஓட்டிக்கொண்டு வந்தால், சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். சிரித்து முடித்ததும் அதற்கு என்ன செய்கிறது என்று பொறுமையாகக் கேளுங்கள்.

அடைக்கலம் பெரிய ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்கு வந்து, மாதா மாதம் எங்களிடம் மாத்திரை வாங்க ஆரம்பித்தார். முதலில் புஷ்பம் கூட வந்தார், பிறகு தனியாக வந்தார். ஒரு செவ்வாய்க்கிழமை உள்ளே வந்தவரை எனக்கு அடையாளமே தெரியவில்லை. வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டு போய் மொட்டை போட்டு, மீசையையும் எடுத்துவிட்டு வந்திருந்தார். கேட்காமலே நோயாளி ஸ்டூலில் உட்கார்ந்தார். இப்போது தூக்கம் வருகிறது, சோறு ருசிக்கிறது, சில நாள் மட்டும் காலையில் கொஞ்சம் பாரமாக இருக்கிறது என்றார்.

அன்றுதான் பிரவீன் மிஷினைக் கழற்றிக்கொண்டு ஊருக்குக் கிளம்புகிற நாள். பிரித்துக் கட்டுவதற்கு முன் கடைசியாக ஒரு தரம் என்று அடைக்கலத்தை உட்கார வைத்தான். வட்டம் வந்தது. ரத்தச் சிவப்பு. பையன் பதறிப்போய் என்னைப் பார்த்தான்.

"என்னங்க சொல்லுது?" என்று கேட்டார் அடைக்கலம்.

"நீங்க ரொம்பச் சோகமா இருக்கீங்கன்னு சொல்லுது" என்றேன்.

அவர் திரையைப் பார்த்தார். மீசை இருந்த இடத்தைக் கையால் தடவிக்கொண்டார்.

"கயிறப் புடிச்சுக்கிட்டு வந்து நின்ன அன்னைக்கு இதச் சொல்லிருந்தா, மாட்ட மறுபடியும் இம்புட்டுத் தூரம் நடக்க வச்சிருக்க மாட்டேனே" என்றார். சொல்லிவிட்டு, இத்தனை மாதத்தில் நான் முதல் முறையாகப் பார்க்க, வாய் நிறையச் சிரித்தார்.